கடல் தாண்டிய கம்பியும் கம்பம் வரை வராத பேருந்தும்

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது 1871ஆம் ஆண்டுத் தொடக்கத்தில். அதற்கு முன்பு ஐரோப்பாவில் மிளகும் ஈயமும் என்ன விலைக்குப் போகின்றன என்று தெரிந்துகொள்ள, தபால் கப்பல் வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கம்பி வந்த பிறகு அந்த விலை சுடச்சுட ராபிள்ஸ் பிளேஸ் வணிகரின் மேசைக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் தீவின் வடகோடியில் தோட்டம் வைத்திருந்தவர், பத்துப் பதினைந்து மைல் தள்ளியிருந்த நகரத்துக்கு வர மாட்டு வண்டியையோ படகையோ நம்பிக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரைப் போக்குவரத்துக்கும் தகவல் தொடர்புக்கும் எடுத்துக்காட்டாகக் காட்டும் கட்டுரைகள் பெரும்பாலும் துறைமுகத்தில் தொடங்கி சாங்கி விமான நிலையத்தில் முடியும். அது பாதிக் கதை. உலகத்தோடு இணைவதில் இந்தத் தீவு என்றைக்கும் பின்தங்கியதில்லை. அந்த வேலையை வெள்ளைக்காரன் தன் தேவைக்காகவே செய்து வைத்துவிட்டுப் போனான். தீவின் ஒரு மூலையை இன்னொரு மூலையோடும், ஒரு மொழிக்காரரை இன்னொரு மொழிக்காரரோடும் சேர்ப்பதுதான் பிந்தி நடந்தது, அதுதான் சிரமமாகவும் இருந்தது. வளர்ந்துவரும் நாட்டைச் சாலையும் ரயிலும் வானொலியும் எப்படி ஒன்றாக்குகின்றன என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், 1950களுக்கும் 1980களுக்கும் நடுவே இங்கே நடந்ததைப் பார்க்க வேண்டும். அதில் நம்மவர்களுக்குக் கிடைத்ததும் உண்டு, கைவிட்டுப் போனதும் உண்டு.

துறைமுகத்தைப் பார்த்து ஓடிய பாதைகள்

காலனி ஆட்சிக்காலப் பாதைகளை வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் கடலை நோக்கியே ஓடும். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு வரை போடப்பட்டது. நீளம் 13 கிலோமீட்டர்கூட இல்லை. ஈயச் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். பிறகு ரப்பர் வந்தது, பாதையும் நீண்டது. தண்டவாளம் போட்டவர்கள், பராமரித்தவர்கள், நிலையங்களில் கணக்கெழுதியவர்கள் என்று அந்த ரயில்வேயில் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். ஆனால் தோட்டத்து விளைச்சலைக் கப்பலில் ஏற்றுவதைத் தாண்டி, பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று யாரும் அதைத் திட்டமிடவில்லை.

சிங்கப்பூரிலும் அதே கதைதான். 1825இலிருந்து இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்து சாலை போடவும் சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும் வைத்தார்கள். சென்னை மாகாணத்துக் கைதிகளும் அவர்களில் இருந்தார்கள். தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் புக்கிட் தீமா சாலை 1845 வாக்கில் கிராஞ்சி வரை எட்டியது. தீவுக்குள் ரயில் 1903இல் வந்தது. 1923இல் ஜோகூர்க் கடற்பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியதும் தீபகற்பத்துச் சரக்கு நேராக இங்கே இறங்கியது. 1932இல் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறந்தது, அதுவும் துறைமுகத்தை ஒட்டி. சரக்கு இறங்கிய கையோடு கப்பலேற வேண்டுமே!

மனிதர்கள் வந்த வழியும் கடல்தான். பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் ‘ராஜுலா’ 1920களில் ஓடத் தொடங்கி 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்தது. அதன் பிறகு ‘சிதம்பரம்’ அந்தத் தடத்தில் ஓடியது. 1980களில் ஏற்பட்ட தீ விபத்தோடு அதன் கதையும் முடிந்தது. நாகப்பட்டினத்தில் ஏறினால் ஒரு வாரப் பயணம். அந்தக் கப்பலிலேயேதான் கடிதமும் பத்திரிகைக் கட்டும் ஊர்ச் சேதியும் ஊறுகாய் ஜாடியும் வந்தன. ஆளைச் சுமக்கிற வாகனமும் செய்தியைச் சுமக்கிற வாகனமும் ஒன்றாகவே இருந்த காலம் அது. தந்தி அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. செய்தி முன்னே பறந்தது, ஆள் பின்னே வந்தார். ஆனால் தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டும். கூலிக்காரர் வீட்டுக்குத் தந்தி வந்தால் பெரும்பாலும் சாவுச் செய்திதான். வணிகருக்கு விலை நிலவரம் வந்த அதே கம்பியில் தொழிலாளிக்கு இழவு மட்டும் வந்தது. ஒரு நாட்டில் இணைப்பு இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்தாமல், யாருக்காக, என்ன விலையில் என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

கம்பெனிக்கு ஒரு சீட்டு

1950களின் சிங்கப்பூருக்கு வருவோம். நகரத்துக்குள் பேருந்து ஓட்டும் உரிமை சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனியிடம் இருந்தது. மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் டிராலிபஸ்களை அது 1926 முதல் 1962 வரை ஓட்டியது. நகர எல்லைக்கு வெளியே சீன முதலாளிகள் நடத்திய சிறு கம்பெனிகள்: கிரீன் பஸ், ஹோக் லீ, தாய் கோ யாட், சாங்கி, பாய லேபார் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் தனித் தடம், தனிச் சீட்டு, தனி நேர அட்டவணை. அட்டவணை என்று ஒன்று இருந்தால்.

செம்பவாங் கடற்படைத் தளப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் தஞ்சோங் பகாரில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி வண்டியில் நகரத்து ஓரம் வரை வந்து இறங்க வேண்டும். அப்புறம் இன்னொரு கம்பெனி வண்டிக்குக் காத்திருந்து, மறுபடி காசு கொடுத்து ஏற வேண்டும். கூட்டம் இருக்கிற சாலையில் இரண்டு கம்பெனிக்காரர்கள் பயணியைப் பிடிக்கப் போட்டி போடுவார்கள். செம்மண் பாதையில் ஒரு மைல் உள்ளே தள்ளியிருக்கும் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ஒருவரும் போக மாட்டார்கள். அந்த இடைவெளியில் உரிமம் இல்லாத கள்ள டாக்சிகள் புகுந்தன. சட்டப்படி குற்றம். ஆனால் பிரசவ வலி எடுத்தவரை அர்த்த ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவைதான் கிடைத்தன.

பேருந்தை வெறும் வாகனமாகப் பார்த்தால் அந்தக் காலத்து அரசியல் புரியாது. 1955 மே 12ஆம் தேதி ஹோக் லீ பேருந்துத் தொழிலாளர் போராட்டம் கலவரமாக வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். தொலைக்காட்சி இல்லாத, தொலைபேசி அரிதான ஊரில், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்க்கிறவர் கண்டக்டர். அவர் வேலையை நிறுத்தினால் ஊரே நிற்கும். இதைத் தொழிற்சங்கங்களும் புரிந்து வைத்திருந்தன, அரசாங்கமும் புரிந்து வைத்திருந்தது.

1965இல் மலேசியாவை விட்டுத் தனி நாடானபோது இங்கே மக்கள் தொகை ஏறக்குறைய 19 லட்சம். அடுத்த சில ஆண்டுகளில் அரசாங்கம் பேருந்தைக் கையில் எடுத்தது. 1970இல் தொழிற்சங்கக் காங்கிரசின் கம்ஃபர்ட் டாக்சிக் கூட்டுறவு வந்தது. கள்ள டாக்சி ஓட்டியவர்கள் பலர் அதில் சேர்ந்து உரிமத்தோடு ஓட்டினார்கள். 1971இல் சீனப் பேருந்து கம்பெனிகளை மூன்றாக இணைத்தார்கள். அதே ஆண்டு டிராக்‌ஷன் கம்பெனி மூடப்பட்டது. 1973இல் அந்த மூன்றையும் ஒன்றாக்கிச் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் உருவானது. ஒன்றாக்கியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பழுதான வண்டிகள், தப்புக் கணக்கு, கண்டக்டர் கையில் தங்கிவிடும் சில்லறை என்று பழைய கம்பெனிகளின் எல்லா வியாதிகளும் புதிய கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. 1974இல் அரசாங்க அதிகாரிகளையே ஒரு குழுவாக அனுப்பிப் பணிமனையிலிருந்து கணக்கு வரை சீர்படுத்தினார்கள்.

ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? சிறு கம்பெனிகள் தனித்தனியாக லாபம் பார்க்கும்வரை, ஆள் குறைந்த தடத்துக்கு வண்டி போகாது. எல்லாத் தடமும் ஒரே கணக்கில் வந்தால், சிராங்கூன் சாலையில் கிடைக்கும் காசு தீவின் ஓரத்துத் தடத்தின் நஷ்டத்தைத் தாங்கும். பேருந்து, தபால், தொலைபேசி எதுவானாலும் நாடு முழுவதற்கும் சேவை தர நினைக்கிற எல்லா அரசாங்கங்களும் இந்தக் கணக்கைத்தான் போடுகின்றன. இந்தியாவில் ஒரே விலைத் தபால் அட்டை சென்னைக்குள்ளும் போகும், காஷ்மீருக்கும் போகும். அதன் பின்னாலும் இதே கணக்குதான். இதில் ஆபத்தும் உண்டு. ஏகபோகமாகிவிட்டால் சோம்பல் வரும், தட்டிக் கேட்க ஆள் இருக்காது. 1982இல் இரண்டாவது பேருந்து நிறுவனம் ஒன்றுக்கு இடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான்கு மொழி, ஒரே பெட்டி

1960களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ வளர்ந்துவரும் நாடுகளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவுகோல் வைத்தது. 100 பேருக்கு 10 நாளிதழ் பிரதி, 5 வானொலிப் பெட்டி, 2 தொலைக்காட்சிப் பெட்டி, 2 திரையரங்க இருக்கை. இவ்வளவு இருந்தால் செய்தி மக்களைச் சென்றடையும், மக்கள் மாறுவார்கள், நாடு முன்னேறும் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் நம்பினார்கள். பெட்டியை எண்ணிவிடலாம். பெட்டி எந்த மொழியில் பேசுகிறது, அதன் முன்னால் யார் உட்காருகிறார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லவில்லை. சிங்கப்பூரின் அனுபவம் சுவையாக இருப்பது அந்த இடத்தில்தான்.

மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழியிலும் வானொலி ஒலிபரப்பு இருந்தது. 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி காலை 10 மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த இசையை நிறுத்திவிட்டுப் பிரிவினைப் பிரகடனத்தை வாசித்தார்கள். அன்று பிரதமர் லீ குவான் இயூ பேச முடியாமல் கண்கலங்கியதைத் தொலைக்காட்சியில் மக்கள் பார்த்தார்கள். நாடு பிறந்த செய்தியை ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. காலையில் கேட்டதும் இரவில் பார்த்ததும் போதுமாக இருந்தது.

தொலைக்காட்சி அதற்கு இரண்டரை ஆண்டுக்கு முன்புதான் வந்திருந்தது. 1963 பிப்ரவரி 15ஆம் தேதி கலாசார அமைச்சர் சின்னத்தம்பி ராஜரத்னம் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கிவைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர் அவர். ஏப்ரலில் முறையான ஒளிபரப்பு தொடங்கியது. அந்த ஆண்டே இரண்டாவது ஒளிவழியும் வந்தது. ஐந்தாம் ஒளிவழியில் மலாயும் ஆங்கிலமும், எட்டாம் ஒளிவழியில் சீனமும் தமிழும்.

வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் அரசாங்கம் சமூக மன்றங்களில் பெட்டிகளை வைத்தது. 1960இல் அமைத்த மக்கள் கழகத்தின் கீழ் தீவெங்கும் இந்த மன்றங்கள் இருந்தன. கம்பத்துக்கு ஒரு மன்றம், மன்றத்துக்கு ஒரு பெட்டி. தமிழ்ச் செய்தி வரும்போது மலாய்க்கார அக்காவும் உட்கார்ந்திருப்பார், சீனப் படம் ஓடும்போது நம் பாட்டியும் உட்கார்ந்திருப்பார். எழுந்து போக வேறு இடம் இல்லை. தமிழ்ப் படம் போடும் நாளில் மன்றத்து வாசல் வரை கூட்டம் நிற்கும் என்று அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மொழி புரியாவிட்டாலும் அவர் எந்த இடத்தில் சிரிக்கிறார், எந்த இடத்தில் அழுகிறார் என்பது தெரிந்தது. கலப்புச் சமுதாயத்தைப் பற்றி அமைச்சர்கள் பேசிய பேச்சுகளைவிட அந்த ஒற்றைப் பெட்டி அதிகம் செய்திருக்கும்.

2008இல் வசந்தம் முழு நேர ஒளிவழியானது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு நேரம் பெருகியது, கலைஞர்களுக்கு வேலை கிடைத்தது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு, தற்செயலாகத் தமிழைப் பார்த்துவிடும் பிறமொழிக்காரரும் காணாமல் போனார். பெட்டி பற்றாக்குறையாக இருந்தபோது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள், தாராளமானதும் அவரவர் அறைக்குள் போய்விட்டார்கள்.

தமிழுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இடம் கிடைத்ததைத் தானாக நடந்ததாக எண்ணக் கூடாது. அதற்குப் பின்னால் அச்சு இருந்தது. 1887இல் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழை நடத்திய காலத்திலிருந்தே இங்கே தமிழில் செய்தி அச்சாகிறது. கோ. சாரங்கபாணி 1935 ஜூலை 6ஆம் தேதி தொடங்கிய தமிழ் முரசு, செய்தி தருவதோடு நின்றுகொள்ளவில்லை. துறைமுகத்துக் கூலிக்கும் செட்டியார் கடைக் கணக்கருக்கும் இலங்கைத் தமிழ் குமாஸ்தாவுக்கும் தாங்கள் ஒரே சமூகம் என்ற எண்ணம் அன்றைக்கு இல்லை. பத்திரிகையில் மூவரின் செய்தியும் ஒரே பக்கத்தில் வந்தது. 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள் அதன் தொடர்ச்சி. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களைப் பதிந்துகொள்ளச் சொல்லித் தம் பத்திரிகையில் விடாமல் வற்புறுத்தினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் சாப்பாட்டுக் கடையில் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். விற்பனைக் கணக்கில் அந்தப் பத்துப் பேர் வர மாட்டார்கள்.

வீடு மாறியபோது

பேருந்தையும் வானொலியையும் ஒன்றாகச் சேர்த்தது மூன்றாவதாக வந்த ஒன்று: வீடு. 1960இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கம்பங்களைக் கலைத்து மக்களைத் தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக் போன்ற புதிய நகரங்களுக்கு மாற்றியது. வேலை ஜூரோங்கில், வீடு தோ பாயோவில், அம்மா வீடு இன்னொரு மூலையில் என்றான பிறகு பேருந்து இல்லாமல் வாழ முடியாது. நகரத்தைக் கட்டும்போதே பேருந்து நிலையத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். புதிய நகரத்துக்குக் குடிபோனவர்களிடம் ‘குப்பையைக் கீழே போடாதே’, ‘இரண்டோடு நிறுத்திக்கொள்’ என்று நான்கு மொழியிலும் சொல்ல வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. பல நாடுகள் சாலையை ஓர் ஆண்டும், பத்து ஆண்டு கழித்து வீட்டையும், இன்னும் பிந்தித் தொலைபேசியையும் கட்டும். இங்கே எல்லாம் ஏறத்தாழ ஒரே மூச்சில் நடந்தன. தீவு சின்னது என்பதும், அரசாங்கத்தை எதிர்க்க ஆள் குறைவு என்பதும் அதற்கு உதவின. இரண்டாவது காரணத்தைச் சொல்லாமல் முதல் காரணத்தை மட்டும் சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

1975 ஜூன் 2ஆம் தேதி நகர மையத்துக்குள் காலை நெரிசல் நேரத்தில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம் வந்தது. நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. அந்த நேரத்தில் நுழையும் வாகனங்கள் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. உலக வங்கி இதை ஆர்வமாக ஆராய்ந்தது. பேருந்து ஓரளவுக்கேனும் சீராகியிராவிட்டால் கார்க்காரர் எதில் ஏறி வந்திருப்பார்? கட்டணத்தை மட்டும் நகலெடுக்க நினைக்கும் ஊர்கள் இந்த முன்பின் வரிசையைத் தவறவிடுகின்றன.

அப்புறம் ரயில். கட்டலாமா வேண்டாமா என்று பத்தாண்டு இழுத்தது. 500 கோடி வெள்ளி செலவு. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ பேருந்தே போதும் என்ற பக்கம் சாய்ந்திருந்தார். ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர் குழுவும் அதையே சொன்னது. தொடர்பு அமைச்சராக இருந்த ஓங் டெங் சியோங் ரயில்தான் வேண்டும் என்று நின்றார். இந்த வாதம் அமைச்சரவைக்குள் முடிந்துவிடாமல் தொலைக்காட்சிக்கும் வந்தது. இங்கே அரிதாக நடக்கிற காரியம். 1982இல் முடிவெடுத்து, 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்து நிலையங்களோடு முதல் ரயில் ஓடியது. துறைமுகத்தைப் பார்க்காமல், வீட்டிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து வேலைக்கும் என்று இந்தத் தீவில் போட்ட முதல் ரயில் பாதை இது.

வெளியுலகத்தையும் விட்டுவிடவில்லை. 1971இல் செந்தோசாவில் துணைக்கோள் தரை நிலையம், 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம், 1981இல் சாங்கி. 1982 புத்தாண்டு பிறந்தபோது மலேசியாவோடு ஒத்துப்போவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். இந்தியாவிலுள்ள ஊருக்கும் நமக்கும் அதுவரை சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். அன்றிலிருந்து இரண்டரை. ஊருக்கு போன் போடும் முன் இன்றும் மனதுக்குள் நடக்கும் அந்த அரை மணிக் கணக்கு 1982இல் வந்து ஒட்டிக்கொண்டது.

இணைந்ததில் அவிழ்ந்தவை

சரி, இதற்கு என்ன விலை கொடுத்தோம்?

பத்திரிகைகளில் தொடங்கலாம். 1971இல் சில ஆங்கிலப் பத்திரிகைகள் மூடின, சீனப் பத்திரிகை ஒன்றின் நிர்வாகிகள் கைதானார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகை நிறுவனங்களில் அரசாங்கம் ஒப்புக்கொண்டவர்களிடம் மட்டுமே நிர்வாகப் பங்குகள் இருக்க வேண்டும் என்றது. நாட்டை இணைக்கிற கம்பிகள் எல்லாம் ஒரே கையில் சேரும்போது, அந்தக் கைக்குப் பிடிக்காதது கம்பியில் ஏறாது. பல இன நாட்டில் பொறுப்பில்லாத பத்திரிகை தீ மூட்டிவிடும் என்ற பயத்துக்குக் காரணம் இருந்தது. 1964 இனக் கலவரங்கள் எல்லாருக்கும் நினைவிருந்தன. ஆனாலும் பயம் தணிந்த பிறகும் சட்டம் தளரவில்லை.

மொழிகளும் கொடுத்தன. 1979இல் சீனர்களை மாண்டரின் பேசச் சொல்லும் இயக்கம் தொடங்கியதும் ஹொக்கியன், கான்டனீஸ், தியோச்சூ போன்ற சீன வட்டார மொழி நிகழ்ச்சிகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் படிப்படியாக நின்றன. பாட்டிக்குப் புரிந்த கதை பேரனின் மொழிக்கு மாறியது. இந்தியர்களுக்குள்ளும் சத்தமில்லாமல் இதே போன்ற ஒன்று நடந்தது. தமிழ் அதிகாரத்துவ மொழி, அதனால் அலைவரிசை கிடைத்தது. மலையாளிகளும் தெலுங்கர்களும் தமிழ் வானொலி கேட்டு, தமிழ்ப் படம் பார்த்து, பாதி தமிழர்களாகவே ஆனார்கள். நமக்குக் கூட்டம் சேர்ந்தது. அவர்கள் வீட்டில் என்ன குறைந்தது என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை.

நமக்குக் குறைந்தது பள்ளிக்கூடம். தஞ்சோங் பகார், செம்பவாங், ரயில்வே குடியிருப்புகள் என்று தமிழர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடங்களைச் சார்ந்தே தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. 1971இல் பிரிட்டிஷ் படை போனதும் தளத்தை நம்பிய குடும்பங்கள் கலைந்தன. வீவக வீடுகள் மற்றவர்களையும் தீவெங்கும் பரப்பின. 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒரே புளோக்கில் ஒரே இனத்தவர் குவியாமல் பார்த்துக்கொண்டது. ஆங்கிலம் படித்தால்தான் வேலை என்ற நிலையும் சேர்ந்துகொள்ள, ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது.

அதன் பெயரில் அடுத்து வந்ததுதான் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம். தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் பள்ளி முடிந்ததும் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் ஏறி அங்கே வந்து படிக்கிறார்கள். ஈசூனிலிருந்தும் தெம்பனீசிலிருந்தும் பிள்ளைகள் வர முடிகிறது என்பதால் மட்டுமே அந்த ஏற்பாடு நடக்கிறது. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவும் அப்படித்தான். இன்று அங்கே குடியிருக்கும் தமிழர்களைவிட ரயிலேறி வருகிற தமிழர்கள்தான் அதிகம். கறிவேப்பிலைக்கும் பூவுக்கும் கோயிலுக்கும் வருகிறார்கள், வந்த இடத்தில் நாலு பேரைப் பார்க்கிறார்கள். ஒன்றாக வாழ்ந்த சமூகத்தைச் சாலை பிரித்தது, ரயில் வாரத்துக்கு ஒருமுறை கூட்டிவைக்கிறது.

வரைபடத்தில் இல்லாத தடங்கள்

2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைக் கம்பி போடப்பட்டது. 1871இன் அதே இரண்டு முனைகள்தான். தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு தேக்காவில் வரிசையில் நின்று பேசிய காலம் அதன் பிறகு மெல்ல மறைந்தது. 2023 பிப்ரவரியில் இந்தியாவின் யுபிஐயையும் இங்குள்ள பேநவ் பணப் பரிமாற்றச் சேவையையும் இணைத்தார்கள். கைப்பேசி எண் தெரிந்தால் போதும், ஊருக்குப் பணம் சில நொடியில் போய்விடுகிறது. திருச்சிக்கும் மதுரைக்கும் நேரடி விமானம் இருக்கிறது. கட்டடத் தொழிலாளி தம் மகளின் காது குத்தை நேரலையில் பார்க்கிறார்.

அதே தொழிலாளி தீவுக்குள் எப்படிப் போய் வருகிறார் என்று பார்த்தால் 1950களின் கம்பம் நினைவுக்கு வரும். பெரிய தங்குவிடுதிகள் துவாஸ், கிராஞ்சி போன்ற ஓரங்களில் இருக்கின்றன. வார நாட்களில் லாரி ஏற்றிப் போகிறது, ஏற்றி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரத் தனியார் பேருந்துகள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி ரேஸ் கோர்ஸ் சாலையில் அப்படிப்பட்ட பேருந்து ஒன்றில் அடிபட்டு ஓர் இந்தியத் தொழிலாளி இறந்ததும் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு மதுவைப் பற்றிப் பேசியது, கூட்டத்தைப் பற்றியும் பேசியது. வாரம் முழுவதும் ஓரத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே மாலையில் ஒரே தெருவில் கூட வேண்டியிருந்ததே, அதையும் போக்குவரத்துக் கேள்வியாகத்தான் நான் பார்க்கிறேன்.

2020 ஏப்ரலில் தங்குவிடுதிகளில் கோவிட் பரவியபோது 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அறைக்குள் முடங்கினார்கள். அப்போது தமிழிலும் வங்காளத்திலும் அறிவிப்புகள் போயின, கைப்பேசிக்குத் தகவல் போனது. அரசாங்கத்தின் வாட்ஸ்அப் சேவையில் தமிழும் இருந்தது. அவர்களுக்குச் செய்தி போய்ச் சேருமா என்று யாரும் தவிக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு மொழியில் பேசிப் பழகிய நாட்டுக்கு ஐந்தாவதைச் சேர்ப்பது பெரிய காரியமாக இல்லை.

லாரிதான் இன்னும் தீரவில்லை. பின்தட்டில் ஆளை ஏற்றிச் செல்ல இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, சில நிபந்தனைகளோடு. நாடாளுமன்றத்தில் இது பலமுறை பேசப்பட்டது. தடை செய்தால் ஓட்டுநர்களுக்கு எங்கே போவது, சிறு நிறுவனங்கள் பேருந்துச் செலவைத் தாங்குமா, கருவியையும் ஆளையும் ஒரே வண்டியில் கொண்டுபோவதுதானே வழக்கம் என்று பதில்கள் வந்தன. 1970களில் பேருந்துக் கம்பெனிகளை ஒன்றாக்கும்போதும் செலவு இருந்தது, ஆள் பற்றாக்குறை இருந்தது, முதலாளிகளின் முணுமுணுப்பும் இருந்தது. அப்போது பயணிகளிடம் வாக்கு இருந்தது. இப்போது லாரியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் இருப்பது வேலை அனுமதி அட்டை.